ஒரு மரத்தை உறவாக்கிக்கொள்வது எப்படி?

மரங்களைப் பிடிக்காது என்று சொல்பவரைக் காண்பது அரிது. ஆனால் உங்கள் வீட்டு வாசலுக்கு மிக அருகில் நிற்கும் மரம் எது, அது எந்த மாதத்தில் இலை உதிர்க்கும், எந்த வாரத்தில் பூக்கும் என்று கேட்டால், மரங்களை மனமார நேசிப்பவர்களுக்கும் விடை சொல்ல நாக்கு எழுவதில்லை. பொதுவாக மரங்கள் என்னும் கூட்டத்தின் மீது நமக்கு இருப்பது மதிப்பு. அன்பு குறிப்பிட்ட ஒன்றின் மீதுதான் பிறக்கும்; அதற்கு முகம் தெரிந்திருக்க வேண்டும், பழக்கம் வேண்டும், போய்வர வேண்டும். இந்தக் கட்டுரை அந்தப் பழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ளும் வழியைச் சொல்கிறது. ஒரே ஒரு மரம், ஓர் ஆண்டு, வாரத்திற்கு அரைமணி நேரம், இவ்வளவுதான் தேவை. சொந்த நிலம் வேண்டியதில்லை, தாவரவியல் படித்திருக்கவும் வேண்டியதில்லை.

சென்னையில் நான் குடியிருக்கும் தெருவின் முனையில் ஒரு புங்க மரம் நிற்கிறது. பன்னிரண்டு ஆண்டுகளாக நான் அதனிடம் போய்வருகிறேன். கீழே சொல்லப்படுபவற்றில் பெரும்பாலானவை அந்த மரத்தடியில் நின்று கற்றவை என்பதால், எடுத்துக்காட்டுகள் அடிக்கடி புங்கைச் சுற்றியே வரும். உங்கள் மரம் வேறாக இருந்தால் மாதங்களும் நிறங்களும் மாறும், முறை மாறாது.

மரத்தைத் தேர்ந்தெடுத்தல்

முதல் விதி, மரம் உங்கள் அன்றாட வழியில் நிற்க வேண்டும். பேருந்து நிறுத்தத்திற்கோ பால் வாங்கவோ நடக்கும் பாதையில், ஐந்து நிமிட நடைத் தொலைவுக்குள் இருப்பது நல்லது. ஊருக்கு வெளியே நிற்கும் பிரம்மாண்டமான ஆலமரத்தை ஆண்டுக்கு இருமுறை பார்த்துவிட்டு வருவது யாத்திரையாகும். உறவுக்கு அது போதாது. அடையாற்றில் பிரம்மஞான சபைத் தோட்டத்தின் ஆலமரத்தைப் பார்த்து நெகிழாதவர் இல்லை. 1989-இல் வீசிய புயலில் தாய்த்தண்டு சாய்ந்த பிறகும் விழுதுகளே தண்டுகளாகி அது நின்றுகொண்டிருக்கிறது. அதைக் கட்டாயம் ஒருமுறை போய்ப் பாருங்கள். ஆனால் உங்கள் மரமாகத் தேர்ந்தெடுக்க வேண்டியது, எவரும் நின்று பார்க்காத ஒரு தெருமரத்தையே.

இரண்டாவது, தண்டைத் தொட முடிய வேண்டும். கீழ்க்கிளைகளின் இலைகளாவது கண்ணுக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும். மதில் சுவருக்குள் நிற்கும் பிறர் வீட்டு மரத்தைத் தேர்ந்தெடுத்தால் பாதி உறவு மதிலிலேயே நின்றுவிடும். மாறாக, மாடியில் குடியிருப்பவர்களுக்கு வேறொரு நற்பேறு உண்டு. தரையில் நிற்பவர் பார்க்க முடியாத உச்சிக்கிளைகள் அவர்களுடைய சன்னலுக்கு நேரே இருக்கும். அப்படிப்பட்ட மரம் கிடைத்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். வாரம் ஒருமுறை கீழே இறங்கி வந்து தண்டையும் பார்த்துவிட்டுப் போங்கள்.

மூன்றாவது, முதல் முறை செய்பவர்கள் ஆண்டுக்குள் தெளிவாக மாறும் மரமாகத் தேர்ந்தெடுத்தால் ஊக்கம் குறையாது. வேம்பு, புங்கு, அரசு, பூவரசு, நாட்டுவாதுமை ஆகியவை இதற்கு மிகவும் ஏற்றவை. நாட்டுவாதுமையின் இலைகள் உதிரும் முன்பு செம்பு நிறமாகச் சிவப்பதைப் பார்ப்பதற்காகவே அதைத் தேர்ந்தெடுக்கலாம். பூவரசின் பூ காலையில் மஞ்சளாக விரிந்து, வாடும்போது செந்நீலமாகிவிடுவதால், ஒரே மரத்தில் இன்றைய பூவையும் நேற்றைய பூவையும் நிறத்தைக் கொண்டே பிரித்தறியலாம். தென்னையும் பனையும் அன்புக்குக் குறைந்தவை அல்ல. ஆனால் அவற்றின் தண்டு மற்ற மரங்களைப்போல ஆண்டுதோறும் பருப்பதில்லை; எனவே பின்னர் சொல்லப்போகும் சுற்றளவுக் கணக்கு அவற்றுக்குப் பொருந்தாது.

தேர்ந்தெடுத்தவுடன் செய்ய வேண்டிய முதல் காரியம், அந்த மரத்தடியில் ஏற்கெனவே இருப்பவர்களிடம் பேசுவது. நகரத்தில் நிழல் தரும் எந்த மரமும் தனியாக இருப்பதில்லை. கீழே ஓர் இஸ்திரி வண்டியோ, இளநீர்க் கடையோ, ஆட்டோ நிறுத்தமோ, செருப்புத் தைப்பவரோ இருப்பார்கள். உங்களுக்கு முன்பே அந்த மரத்தோடு உறவு கொண்டவர்கள் அவர்கள். மரத்தின் வரலாறு அவர்களிடம்தான் இருக்கிறது. என் புங்கின் அடியில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் அம்மாவிடம் முதல் நாள் பேசியபோது அவர் சொன்னது இன்னும் நினைவில் இருக்கிறது: "பங்குனியில ரெண்டு வாரம் மொட்டையா நிக்கும்ப்பா. அப்ப மட்டும் வண்டிய எதிர்ப்பக்கம் தள்ளிடுவேன். தளிர் வந்ததும் திரும்பி வந்துடுவேன்." நான் பல மாதங்கள் குறிப்பெடுத்துக் கண்டறிந்திருக்கக்கூடிய செய்தியை அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். மரம் யார் வைத்தது, எப்போது கிளை முறிந்தது, எந்தக் கிளையில் காக்கை கூடு கட்டும் என்பதையெல்லாம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நம் ஊர் மரங்கள் பலவற்றின் தண்டில் ஆண்டு வளையங்கள் தெளிவாக அமைவதில்லை. ஆகையால் வயதை அறிய, நட்டவரையோ நட்டதைப் பார்த்தவரையோ கேட்பதுதான் நம்பத்தக்க வழி.

முதல் மாதம்: கையும் கண்ணும்

முதல் நான்கு வாரங்களுக்கு எதையும் அளக்க வேண்டாம், படம் எடுக்கவும் வேண்டாம். கைபேசியைப் பையில் வைத்துவிட்டுப் பதினைந்து நிமிடம் நில்லுங்கள். தெருவில் சும்மா நிற்பதற்கு முதலில் கூச்சமாக இருக்கும். இரண்டு வாரத்தில் தெரு உங்களுக்குப் பழகிவிடும். ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு பகுதியை மட்டும் பாருங்கள். ஒரு வாரம் பட்டை, ஒரு வாரம் இலை, ஒரு வாரம் கிளைகள் பிரியும் விதம், ஒரு வாரம் மண்.

பட்டையை உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். புங்கின் பட்டை சாம்பல் கலந்த பழுப்பு நிறத்தில், பெருமளவு வழவழப்பாக, இடையிடையே சிறு மணிமணியான புடைப்புகளோடு இருக்கும். வேம்பின் பட்டை வயது ஏற ஏற நீளவாக்கில் வெடித்துப் பிளவுபடும். தண்டின் வடக்குப் பக்கமும் தெற்குப் பக்கமும் ஒன்றுபோல் இருக்கின்றனவா, மழைக்காலத்தில் எந்தப் பக்கம் முதலில் பாசி படிகிறது என்று பாருங்கள். பட்டைக்கு உடனடியாக உள்ளே, காகிதத்தைப்போல் மெல்லிய ஓர் உயிரடுக்கு தண்டைச் சுற்றிலும் இருக்கிறது. மரம் பருப்பது அந்த அடுக்கினால்தான். அதற்கு வெளியே ஒட்டியுள்ள பட்டையின் உட்பகுதி வழியாகவே இலைகள் ஆக்கிய உணவு வேருக்கு இறங்குகிறது. பட்டையைச் சுற்றிலும் ஒரு வளையமாகச் செதுக்கி எடுத்துவிட்டால் அவ்வளவு பெரிய மரமும் பட்டுப்போவதற்குக் காரணம் இதுவே. கையை வைத்திருக்கும் இடத்திலிருந்து விரற்கடை ஆழத்தில் அதன் உயிர் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அறிந்து தொடுவது வேறு வகையான தொடுதல்.

இலையைப் பார்க்கும்போது, எது ஓர் இலை என்பதை முதலில் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். புங்கில் நாம் இலை என்று எண்ணிப் பறிப்பது சிற்றிலை. ஒரு காம்பில் இருபுறமும் இணையிணையாகவும் நுனியில் தனியாகவும் ஐந்து அல்லது ஏழு சிற்றிலைகள் சேர்ந்ததே முழு இலை. அவற்றில் பலவற்றின் மேல் வெளிர்நிறக் கொப்புளங்கள் இருப்பதைக் கண்டு மரத்துக்கு நோய் என்று அஞ்ச வேண்டியதில்லை. கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய சிலந்திப்பேன்கள் இலையைத் தூண்டி உண்டாக்கிக்கொள்ளும் வீடுகள் அவை. பெரிய மரம் அவற்றைப் பொருட்படுத்துவதில்லை.

கோடையில் ஒரு நண்பகலில் செய்து பார்க்க வேண்டிய எளிய சோதனை ஒன்று உண்டு. நிழலுக்கு வெளியே வெயிலில் கிடக்கும் தரையில் புறங்கையை வைத்துப் பாருங்கள். பிறகு நிழலின் நடுவே வையுங்கள். நிழல் வெயிலைத் தடுப்பது பாதிக் காரணம்தான். இலைகள் நீராவியை வெளிவிடும்போது சுற்றியுள்ள வெப்பத்தையும் எடுத்துக்கொள்கின்றன. தகரக் கூரையின் நிழலில் நின்று பார்த்துவிட்டு மரத்தடிக்கு வந்தால் வேறுபாடு உடனே தெரியும்.

அளத்தல்

இரண்டாம் மாதத்தில் அளவெடுங்கள். தையற்காரரின் அளவுநாடா போதும். தரையிலிருந்து நாலரை அடி, அதாவது 1.37 மீட்டர் உயரத்தில் தண்டின் சுற்றளவை எடுக்க வேண்டும். இந்தியாவில் மரத்தை அளப்பவர்கள் மார்பளவு என்று சொல்லும் உயரம் இது. அந்த இடத்தில் புடைப்போ கிளையோ இருந்தால் சற்றுக் கீழே அளந்து, எந்த உயரத்தில் அளந்தீர்கள் என்பதையும் எழுதிவையுங்கள். ஆண்டுதோறும் அதே உயரத்தில் அளந்தால்தான் கணக்கு பொருளுடையதாகும். சுற்றளவை 3.14-ஆல் வகுத்தால் விட்டம் கிடைக்கும்.

உயரத்தை நிழலைக் கொண்டு அறியலாம். சமதரையில் ஒரு மீட்டர் குச்சியை நேராக நிறுத்தி அதன் நிழலை அளவிடுங்கள். அதே நேரத்தில் மரத்தின் நிழலையும் தண்டின் அடியிலிருந்து உச்சிநிழல் விழும் இடம்வரை அளவிடுங்கள். குச்சியின் நிழல் 80 சென்டிமீட்டராகவும் மரத்தின் நிழல் 7.2 மீட்டராகவும் இருந்தால், 7.2-ஐ 0.8-ஆல் வகுக்க, மரத்தின் உயரம் 9 மீட்டர். குழந்தைகள் வீட்டில் இருந்தால் இந்தக் கணக்கை அவர்களிடம் விட்டுவிடுங்கள். அவர்கள் மரத்தோடு சேர்வதற்கு இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியவில்லை.

குறிப்பேடு

உறவைக் காப்பாற்றுவது குறிப்பேடுதான். நினைவு நம்மை ஏமாற்றும். போன ஆண்டும் இதே சமயம்தான் பூத்தது என்று நாம் உறுதியாகச் சொல்வது பெரும்பாலும் மூன்று வாரம் முன்பின்னாக இருக்கும். தனியாக ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொண்டு, வாரம் ஒரு குறிப்பிட்ட நாளில் தேதியிட்டு ஐந்தாறு வரிகள் எழுதுங்கள். தளிர், முற்றிய இலை, பழுப்பு, மொட்டு, விரிந்த பூ, பிஞ்சு, முற்றிய காய் ஆகிய ஒவ்வொன்றும் மரத்தில் இல்லையா, கொஞ்சம் இருக்கிறதா, நிறைய இருக்கிறதா என்று குறித்தால் போதும். எண்ணிச் சொல்ல வேண்டியதில்லை. மழை பெய்த நாட்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தமிழ் மாதத்தையும் ஆங்கிலத் தேதியையும் இரண்டாகப் போட்டுவைத்தால், பாட்டிமார்கள் சொல்வதோடு ஒப்பிட்டுப் பார்க்க எளிதாக இருக்கும்.

புங்கின் ஆண்டு எப்படிப் போகும் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் குறிப்பேட்டில் எவற்றை எதிர்பார்த்துக் காத்திருக்கலாம் என்பது அதனால் விளங்கும். மாசி முதல் இலைகள் மஞ்சளாகி உதிரத் தொடங்கும். மரம் முழு மொட்டையாக நிற்பது அதிகம் போனால் இரண்டு வாரம்தான். சில ஆண்டுகளில் ஒரு கிளை உதிர்த்துக்கொண்டிருக்கும்போதே மறு கிளை துளிர்த்துவிடும். புதுத்தளிர் கண்ணாடிபோல் பளபளக்கும் இளம்பச்சை. காலை வெயில் பின்னாலிருந்து விழும்போது மரமே ஒளியை உள்ளே வைத்துக்கொண்டிருப்பதுபோல் இருக்கும். அந்தப் பச்சை ஒன்றிரண்டு வாரங்களில் முற்றிக் கருத்துவிடும் என்பதால், பங்குனியில் வாரம் ஒருமுறை என்னும் விதியைத் தளர்த்தித் தினமும் போங்கள். நான் அந்த நாட்களில் வெளியூர்ப் பயணங்களைத் தவிர்த்துவிடுகிறேன்.

தளிர் முற்றும்போது பூ வரும். வெண்மையில் இளஞ்சிவப்பு ஓடிய, அவரைப்பூ வடிவத்துச் சிறுபூக்கள். அவை மரத்தில் இருப்பது தெரிவதைவிடத் தரையில் கிடப்பதே கண்ணுக்கு நன்றாகத் தெரியும். குறுந்தொகையின் 53-ஆம் பாடலில், வீட்டு முற்றத்துப் புங்கின் பூக்கள் வெண்மணலில் உதிர்ந்து கிடக்கும் காட்சி, முருகனின் பூசாரியான வேலன் வெறியாடும் களத்தில் செந்நெல்லின் பொரி சிதறிக் கிடப்பதற்கு ஒப்பிடப்படுகிறது. நான் அதைப் படித்திருந்தும் பல ஆண்டுகள் அது வெறும் உவமையாகவே மனத்தில் கிடந்தது. ஒரு சித்திரைக் காலையில், இஸ்திரி வண்டியைச் சுற்றிப் பெருக்கப்படாத தரையில் குனிந்து ஒரு கைப்பிடி அள்ளிப் பார்த்தபோதுதான், உதிர்ந்த பூ ஒவ்வொன்றும் உருண்டு, உப்பி, ஒரு பக்கம் வாய் திறந்து, அளவிலும் எடையின்மையிலும் நெற்பொரியாகவே இருப்பது தெரிந்தது. அந்தப் புலவரும் தரையில் குனிந்து பார்த்திருக்கிறார். உங்கள் மரத்தையும் அவ்வளவு அருகில் சென்று பாருங்கள். எதைப்போல் இருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றுவதை, பிறர் சொன்னதாக இல்லாமல், உங்கள் சொல்லிலேயே எழுதிவையுங்கள்.

பூவுக்குப் பின் காய் பிடித்து, தட்டையான பச்சைக் காய்கள் மழைக்காலம் முழுவதும் தொங்கி, அடுத்த ஆண்டின் இலையுதிர்வை ஒட்டியே முற்றிப் பழுப்பாகும். ஏறத்தாழ ஓர் ஆண்டைக் காய் எடுத்துக்கொள்வதால், பழைய காயும் புதிய பூவும் ஒரே கிளையில் சந்திப்பதைக் காணலாம்.

வேம்பைத் தேர்ந்தெடுத்தவர்கள் சித்திரை முதல் நாளுக்குப் பூ தயாராக இருக்கிறதா என்று பார்ப்பதிலிருந்து தொடங்கலாம். பச்சடிக்குப் பூ தேடும் அந்த நாள் ஆண்டுதோறும் தவறாமல் வரும் ஓர் அளவுகோல். ஆனி, ஆடியில் பழம் உதிரும்.

இத்தகைய குறிப்புகள் தனிமனிதரின் ஆசைக்காக எழுதப்பட்டாலும் காலப்போக்கில் பெரும் பயன் தரக்கூடியவை. ஜப்பானின் கியோட்டோ நகரில் செர்ரி மரங்கள் பூக்கும் நாளை அரசவையினரும் துறவிகளும் தங்கள் நாட்குறிப்புகளில் எழுதிவந்ததால், ஒன்பதாம் நூற்றாண்டு தொடங்கி இன்றுவரையான பூக்கும் நாட்கள் திரட்டப்பட்டிருக்கின்றன. பூ பார்க்கும் ஆசையில் எழுதிய அந்த வரிகள்தான், 2021-இல் மார்ச் 26 அன்றே மரங்கள் முழுமையாகப் பூத்தபோது, ஆயிரத்து இருநூறு ஆண்டுகளில் இவ்வளவு முன்னதாகப் பூத்ததில்லை என்று சொல்ல உதவின. இந்தியாவில் சீசன்வாட்ச் என்னும் திட்டம் நடந்துவருகிறது. எவரும் ஒரு மரத்தைப் பதிவு செய்துகொண்டு, வாரந்தோறும் இலை, பூ, காய் நிலையைத் தெரிவிக்கலாம். கேரளத்துப் பள்ளிப் பிள்ளைகள் இதில் ஏராளமாகப் பங்கேற்கிறார்கள். உங்கள் குறிப்பேடு ஒரு சுற்று முடிந்ததும் அதில் சேருங்கள்.

நோட்டின் கடைசிப் பக்கங்களை வேறொன்றுக்காக ஒதுக்கச் சொல்வேன். ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகராட்சி, கிளை முறிவு போன்ற குறைகளைத் தெரிவிப்பதற்காகத் தன் மரங்கள் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்ணும் மின்னஞ்சல் முகவரியும் கொடுத்தது. மக்கள் குறைகளை எழுதியதோடு நிற்காமல் மரங்களுக்கே கடிதம் எழுதத் தொடங்கினார்கள். நலம் விசாரித்தார்கள், நன்றி சொன்னார்கள், தேர்வு பற்றிய கவலையைப் பகிர்ந்துகொண்டார்கள். இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் இருக்கலாம். எனக்கு அதில் வியப்பில்லை. மாதம் ஒருமுறை உங்கள் மரத்தை முன்னிலைப்படுத்தி நான்கு வரிகள் எழுதிப் பாருங்கள். எவரிடமும் காட்ட வேண்டாம். கணக்குகளில் அடங்காதவை எவ்வளவு சேர்ந்திருக்கின்றன என்று அப்போது தெரியும். அப்பாவை மருத்துவமனையில் சேர்த்த மாதத்தில் நான் எழுதிய நான்கு வரிகளில் மூன்று மரத்தைப் பற்றியவையே அல்ல. ஆனாலும் அவற்றை வேறு எங்கும் நான் எழுதியிருக்க முடியாது.

வருகை தருவோர்

மரத்தை அறிந்த பிறகு, அதற்கு வந்துபோகிறவர்களை அறிய வேண்டும். காலை ஆறரை முதல் எட்டுவரை இதற்கு நல்ல நேரம். தளிர் காலத்தில் இலைகளின் அடிப்புறத்தைப் பாருங்கள். துள்ளிகள் என்னும் வகையைச் சேர்ந்த பழுப்பு நிறப் பட்டாம்பூச்சி ஒன்று புங்கின் இளந்தளிரில் முட்டையிடும். அதன் புழு இலையை மடித்து இழையால் ஒட்டி உள்ளே மறைந்திருக்கும். மடிந்த இலையைப் பிரித்துப் பார்க்கும் ஆவலை அடக்கிக்கொண்டு, எத்தனை மடிப்புகள் என்று மட்டும் எண்ணுங்கள். பூக்காலத்தில் தேனீக்களின் ரீங்காரம் மரத்துக்குப் பத்தடி முன்பே காதில் விழும். ஆல், அரசு, அத்தி போன்ற மரங்களில் பழக்காலத்தில் குயிலும் மைனாவும் செம்மார்புக் குக்குறுவானும் கூடும். செம்புக் குடம் தட்டுவதுபோல் சீராக ஒலிக்கும் குக்குறுவானின் குரலை நகரத்தில் பலர் தினமும் கேட்டும் பறவை என்று அறியாமல் இருக்கிறார்கள்.

அந்தக் குக்குறுவான் பட்டுப்போன கிளையைத்தான் குடைந்து கூடு அமைக்கும். பழைய பொந்துகளில் புள்ளி ஆந்தைகள் குடியேறும். ஆகையால், காய்ந்த கிளை எதைக் கண்டாலும் உடனே வெட்டச் சொல்ல வேண்டாம். அது நடைபாதைக்கு மேலோ வீட்டுக்கு மேலோ நின்று விழக்கூடிய நிலையில் இருந்தால் மட்டும் அகற்றச் செய்யுங்கள்.

கடமைகள்

உறவு என்றால் பொறுப்பும் சேர்ந்தே வரும். தெருமரத்துக்கு நீங்கள் செய்யக்கூடியவற்றில் மிகவும் முக்கியமானது அதன் காலடியைக் காப்பது. பெரும்பாலான மரங்களின் வேர்களில் மிகுதியானவை மேல்மண்ணில், இரண்டு மூன்று அடி ஆழத்துக்குள்ளேயே பரவி, கிளைகளின் விரிவையும் தாண்டிச் செல்கின்றன. அந்த மேல்மண்ணைச் சிமெண்ட் தளமிட்டு மூடினால் நீரும் இறங்குவதில்லை, காற்றும் இறங்குவதில்லை. தில்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் அளவுக்குக் கான்கிரீட்டை அகற்ற வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-இல் உத்தரவிட்டது இதனால்தான். உங்கள் மரத்தைச் சுற்றி அந்த ஒரு மீட்டராவது மண் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லையெனில் உள்ளாட்சி அலுவலகத்தில் படத்தோடு எழுத்து மூலம் மனுக் கொடுங்கள். நடைபாதை போடும் பணி நடக்கும்போதே பணியாளர்களிடமும் பொறுப்பாளரிடமும் நேரில் பேசுவது அதைவிட விரைவாகப் பயன் தரும்.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது எங்கள் தெருவில் மூன்று மரங்கள் விழுந்தன. மறுநாள் காலை போய்ப் பார்த்தேன். மூன்றில் இரண்டின் வேர்ப்பந்து சாலைப் பக்கம் கத்தியால் சீவியதுபோல் தட்டையாக இருந்தது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் வடிகால் தோண்டியபோது அந்தப் பக்கத்து வேர்களை முழுவதும் வெட்டியிருந்தார்கள். புங்கு ஒரு பெருங்கிளையை மட்டும் இழந்து நின்றது. அதன் வேர்களுக்கு ஒன்றும் நேராதது தெருமுனையில் வடிகால் திரும்பியதால் வந்த வெறும் நற்பேறு. ஆகவே பள்ளம் தோண்டுவதற்கான அடையாளங்கள் உங்கள் மரத்தருகே இடப்பட்டால், அன்றே கேள்வி கேளுங்கள். விரல் பருமனுக்கு மேற்பட்ட வேர்களை வெட்டாமல் அவற்றின் கீழே குழாயைச் செலுத்த முடியுமா என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது.

ஆணிகளைப் பொறுத்தவரை, புதிதாக அடித்தவற்றைச் சுத்தியலின் பிளவால் நேராக இழுத்து எடுத்துவிடலாம். பட்டை மூடி வளர்ந்துவிட்டவற்றைத் தோண்டி எடுப்பது மேலும் காயமாகும் என்பதால் விட்டுவிடுங்கள். மரத்தின் காயம் நம் காயத்தைப்போல் ஆறுவதில்லை. கெட்ட பகுதியை மரம் உள்ளேயே தடுப்பிட்டு அடைத்துவிட்டு, அதன் மேல் புதிய கட்டையை வளர்த்து மூடுகிறது. காயத்தில் தார் பூசுவதும் பொந்தைச் சிமெண்ட் கொண்டு அடைப்பதும் அந்த வேலைக்கு இடையூறுதான். கம்பிவட ஒயர்கள், விளக்குச் சரங்கள், இளமரத்தின் இரும்புக் கூண்டு ஆகியவை தண்டை இறுக்கத் தொடங்கிவிட்டனவா என்று ஆண்டுக்கு ஒருமுறை சுற்றிவந்து பாருங்கள்.

கிளை வெட்ட வேண்டி வந்தால், வெட்டும் இடம் முக்கியம். கிளை தண்டோடு சேருமிடத்தில் சற்றுப் பருத்த ஒரு வளையம் இருக்கும். அந்த வளையத்தைத் தண்டோடு விட்டுவிட்டு அதற்கு வெளியே வெட்ட வேண்டும். வளையத்தையும் சேர்த்துத் தண்டோடு ஒட்டச் சீவினாலோ, ஒரு முழ நீளத்துக்கு முண்டாக விட்டாலோ, மூடிக்கொள்ள முடியாமல் அழுகல் உள்ளே இறங்கும். கனத்த கிளையாக இருந்தால் முதலில் தண்டிலிருந்து சற்றுத் தள்ளி, கிளையின் கீழ்ப்பக்கத்தில் பாதிக்கும் குறைவாக அறுத்து, பிறகு சற்று வெளியே மேலிருந்து அறுத்துக் கிளையைத் தனியே விழச்செய்து, கடைசியாக மிஞ்சிய முண்டை நீக்குவதே முறை. இல்லாவிடில் விழும் கிளை தண்டின் பட்டையையும் உரித்துக்கொண்டு போய்விடும். இதை நீங்களே ஏறிச் செய்ய வேண்டாம். செய்பவரின் அருகில் நின்று சொல்ல, அறிந்திருந்தால் போதும்.

உதிர்ந்த இலையைக் குவித்து மரத்தடியில் கொளுத்துவது நம் தெருக்களின் தீராத வழக்கம். பட்டை கருகினால் உள்ளேயிருக்கும் உயிரடுக்கும் வெந்துவிடும் என்று பெருக்குபவரிடம் அமைதியாகச் சொல்லிப் பாருங்கள். இலைகளைத் தண்டில் ஒட்டாமல் சற்றுத் தள்ளி மூடாக்காகப் பரப்பிவிடலாம். வளர்ந்த மரத்துக்கு நீர் ஊற்ற வேண்டிய தேவை பெரும்பாலும் வராது. கடுங்கோடையில் ஊற்ற விரும்பினால், தண்டின் அடியில் ஊற்றாமல், நிழலின் விளிம்பையொட்டி ஊற்றுங்கள். நீரை உறிஞ்சும் நுண்வேர்கள் அங்கேதான் மிகுதி.

பொது இடத்து மரத்தை எவரேனும் வெட்ட வந்தால், அனுமதிக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் அரசு நிலத்து மரங்களை வெட்டுவதற்கான கோரிக்கைகளைப் பரிசீலிக்க மாவட்ட ஆட்சியர் தலைமையில் பசுமைக் குழுக்கள் உள்ளன. இத்தகைய நேரத்தில் உங்கள் குறிப்பேடும் ஆண்டுவாரிப் படங்களும் மனுவுக்கு வலுச் சேர்க்கும். மரம் பட்டுவிட்டது என்று ஒருவர் சொன்னால், போன மாதம் தளிர்த்த தேதியை உங்களால் எடுத்துக் காட்ட முடியும்.

இழப்பும் விதையும்

எல்லா முயற்சிக்குப் பிறகும் மரம் போய்விடலாம். புயல், கறையான், சாலை விரிவு, ஏதேனும் ஒன்று வரலாம். மரத்துக்காக அழுவதை வெளியே சொல்லக் கூச்சப்படுகிறவர்களை எனக்குத் தெரியும். 2018 நவம்பரில் கஜா புயல் கடந்தபின் தஞ்சை, புதுக்கோட்டைப் பகுதிகளில் சாய்ந்த தென்னைகளுக்கு நடுவே நின்றவர்கள், பிள்ளையைப் பறிகொடுத்தவர்களைப்போல் இருந்ததை நாம் பார்த்தோம். அந்தத் துயரத்தில் வருமான இழப்பு மட்டுமே இருந்ததாக நான் நினைக்கவில்லை. உங்கள் மரத்துக்கு அப்படி நேர்ந்தால், விழுந்த இடத்துக்குப் போங்கள், தண்டைத் தொடுங்கள், கடைசிச் சுற்றளவைக் குறித்துக்கொள்ளுங்கள். மரத்தடியில் தொழில் செய்தவர் நிழலின்றி எங்கே போனார் என்று விசாரியுங்கள்.

ஆனால் அந்த நாளுக்குக் காத்திராமல், மரம் நலமாக இருக்கும்போதே அதன் விதையைச் சேகரித்து வையுங்கள். வேப்பம் விதையின் முளைக்கும் திறன் சில வாரங்களிலேயே குறைந்துவிடும் என்பதால், பழம் உதிர்ந்தவுடன் சதையைக் கழுவி நிழலில் உலர்த்தி உடனே ஊன்றிவிட வேண்டும். புங்கு அவ்வளவு அவசரப்படுத்தாது. முற்றிப் பழுப்பான காய்களைப் பொறுக்கி, கட்டையால் தட்டி உடைத்தால் உள்ளே செம்பழுப்பு நிறத்தில் அவரை விதையைவிடப் பெரிதான ஒரு விதை இருக்கும். ஓர் இரவு நீரில் ஊறவைத்து, செம்மண்ணும் மணலும் மட்கிய எருவும் கலந்த பையில் ஒரு விரற்கடைக்கும் குறைவான ஆழத்தில் ஊன்றி, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் இரண்டு மூன்று வாரங்களில் முளைவிடும். கன்றின் முதல் இலைகள் தாய்மரத்தின் இலையைப்போல் இருக்காது. தனித்தனியாக, அகன்று, ஒற்றை இலைகளாகவே வரும். விதை மாறிவிட்டதோ என்று நான் முதலில் ஐயப்பட்டேன். சில மாதங்கள் கழித்தே சிற்றிலைகள் கூடிய இலை வரத் தொடங்கும்.

ஐப்பசி மழை பிடித்த வாரத்தில் இரண்டடி நீள, அகல, ஆழமுள்ள குழியில் கன்றை நட்டு, மேல்மண்ணை முதலில் உள்ளே தள்ளி, சாயாமல் ஒரு கழியோடு தளர்வாகக் கட்டிவிடுங்கள். முதல் மூன்று கோடைகளுக்கு அதற்கு உங்கள் தண்ணீர் தேவைப்படும். நான் வளர்த்த நான்கு கன்றுகளில் இரண்டை ஆடு தின்றுவிட்டது. ஒன்று இஸ்திரி அம்மாவின் மகள் வீட்டு வாசலில், செங்கற்பட்டுப் பக்கத்தில் நிற்கிறது. மற்றொன்று, வர்தாவில் மரம் விழுந்து வெறுமையாகிவிட்ட குழியில், தாய்மரத்திலிருந்து நாற்பது அடி தூரத்தில் நிற்கிறது. அது மார்பளவு உயரத்தைத் தாண்டிய நாளில், அதே பழைய நோட்டில் புதிய பக்கம் திருப்பி, நாலரை அடி உயரத்தில் நாடாவைச் சுற்றி, அதன் முதல் சுற்றளவை எழுதினேன்: 4 சென்டிமீட்டர்.